கண்ணுக்குத் தெரியாத ஒளியில் சிறுகோள்களும் புறக்கோள்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1866 மே மாதத்தில், சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் ஒரு புதிய சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்குச் சில்வியா என்று பெயர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அதே இடத்தில் அவர் கண்டுபிடித்த மற்றொன்றின் பெயர் சாஃபோ. விண்மீன்களின் பொலிவை அளக்க இன்றும் நாம் பயன்படுத்தும் அளவுமுறையை 1856இல் வகுத்துத் தந்தவரும் அவரே. பொலிவை அவ்வளவு நுட்பமாக அளக்கத் தெரிந்தவருக்கும், தான் கண்டுபிடித்த கல் எத்தனை கிலோமீட்டர் அகலம் என்று சொல்ல வழி இருக்கவில்லை. அதற்கு நூறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. சிறுகோள்களின் வெப்பத்தை அளக்கக் கற்ற பிறகே அந்த வழி திறந்தது.

இன்று அதே வழியில்தான் பல ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் புறக்கோள்களின், அதாவது வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களின், காற்றையும் ஆராய்கிறோம். மாணவர்களும் ஆசிரியர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

அகச்சிவப்பு என்பது ஒளியா, வெப்பமா?

ஒளிதான், நம் கண்ணுக்கு எட்டாத ஒளி. அடுப்பில் இருக்கும் தோசைக்கல்லைப் பாருங்கள். அது எவ்வளவு காய்ந்தாலும் சிவந்து ஒளிர்வதில்லை, அதே கருப்புதான். ஆனால் தொடாமல், பக்கவாட்டில் கையைக் கொண்டுபோனாலே சூடு உறைக்கிறது. அந்தச் சூடு கல்லிலிருந்து கைக்கு அகச்சிவப்பு ஒளியாக வந்து சேர்கிறது. தோசைக்கல் ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கிறது, நமக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை.

1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், எந்த நிறமும் விழாத இடத்தில் வைத்த வெப்பமானியிலும் பாதரசம் ஏறியது. அங்கேதான் அகச்சிவப்பு பிடிபட்டது.

எல்லாப் பொருள்களும் தம் வெப்பநிலைக்கு ஏற்ப ஒளியை உமிழ்கின்றன. சூடு கூடக்கூட அலைநீளம் குறைகிறது. சுமார் 5,500 டிகிரி செல்சியஸ் இருக்கும் சூரியனின் ஒளி அரை மைக்ரானை ஒட்டி உச்சம் கொள்கிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் உடலும், வெயிலில் கிடக்கும் பாறையும், பூமிக்கு அருகில் வரும் சிறுகோளும் 10 மைக்ரானை ஒட்டி ஒளிர்கின்றன. மனிதக் கண்ணோ 0.7 மைக்ரானோடு நின்றுவிடுகிறது.

இதற்கு ஏன் விண்வெளிக்கே போக வேண்டும்?

இரண்டு காரணங்கள். நம் காற்றில் உள்ள நீராவியும் கரியமில வாயுவும் அகச்சிவப்பின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. உயரமான, வறண்ட மலை உச்சிகளில் சில சாளரங்கள் திறந்திருக்கின்றன, அவ்வளவே. இரண்டாவது காரணம் இதைவிடக் கடுமையானது. தரையில் இருக்கும் தொலைநோக்கியே 10 மைக்ரானில் ஒளிர்கிறது, அதன் கண்ணாடி, குழாய், மேலிருக்கும் காற்று எல்லாம் சேர்ந்து. கண்ணுக்கு நேரே பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பிடித்துக்கொண்டு தூரத்து மின்மினியைத் தேடுவது போன்ற வேலை அது.

ஆகவே கருவியைக் குளிர்விக்க வேண்டும். 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, டென்னிஸ் மைதான அளவுள்ள ஐந்தடுக்குக் குடையின் நிழலில் இருக்கிறது. நிழல் பக்கத்தின் குளிர் மைனஸ் 230 டிகிரியை ஒட்டியது. அதன் நடு அகச்சிவப்புக் கருவிக்கு அதுவும் போதாமல், தனிக் குளிர்விப்பான் வைத்து 7 கெல்வினுக்கும், அதாவது சுமார் மைனஸ் 266 டிகிரிக்கும், கீழே கொண்டுபோயிருக்கிறார்கள். ஒரு கருவி தன் சொந்த ஒளியை அணைத்துக்கொள்வதற்கு இவ்வளவு பாடு!

வெப்பத்தை வைத்து ஒரு சிறுகோளின் அளவை எப்படிச் சொல்கிறார்கள்?

இதை நான் மிகவும் விரும்பி விளக்குவேன். போக்சனின் இரண்டு சிறுகோள்களையே எடுத்துக்கொள்வோம்.

சாதாரண ஒளியில் சிறுகோள் ஒரு புள்ளி மட்டுமே. அந்தப் புள்ளியின் பொலிவு இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: கல் எவ்வளவு பெரியது, எவ்வளவு வெளுத்தது. வெளுத்த சிறிய கல்லும் கருத்த பெரிய கல்லும் ஒரே பொலிவில் தெரியலாம். சிறுகோள்கள் தம்மேல் விழும் ஒளியில் எதிரொளிக்கும் பங்கு 3 சதவீதத்திலிருந்து 40 சதவீதம் வரை மாறுகிறது. 4 சதவீதம் எதிரொளிக்கும் ஒரு கிலோமீட்டர் கல்லும், 36 சதவீதம் எதிரொளிக்கும் 333 மீட்டர் கல்லும் தொலைநோக்கியில் ஒன்றுபோலவே தெரியும். விட்டத்தில் மூன்று மடங்கு வேறுபாடு என்றால் கன அளவில் 27 மடங்கு. பூமியை நோக்கி வரும் கல்லைப் பற்றி இப்படி ஒரு சந்தேகம் இருந்தால் யாருக்கும் தூக்கம் வராது.

இப்போது அதே கணக்கை மறுபக்கமாகப் போடுங்கள். எதிரொளிக்காத ஒளியெல்லாம் கல்லுக்குள் போய் வெப்பமாகிறது. கருத்த கல் 96 சதவீதத்தை வாங்கிக்கொள்கிறது, வெளுத்த கல் 64 சதவீதத்தை. எதிரொளிப்பதில் ஒன்பது மடங்கு வேறுபட்டவை, வாங்கிக்கொள்வதில் ஒன்றரை மடங்கே வேறுபடுகின்றன. வாங்கியதை அவை அகச்சிவப்பாகத் திருப்பித் தருகின்றன. எனவே அகச்சிவப்பில் பிரகாசமாகத் தெரியும் கல் உண்மையிலேயே பெரிய கல். நிறம் அங்கே அவ்வளவாக ஏமாற்ற முடியாது. சாதாரண ஒளியிலும் பொலிவை அளந்து இரண்டையும் சேர்த்துவிட்டால், அளவும் கிடைக்கிறது, கருமையும் கிடைக்கிறது.

இப்படிப் பார்த்தால் சில்வியா சுமார் 270 கிலோமீட்டர் அகலமுள்ள, கரித்துண்டைப் போன்ற இருண்ட உலகம். விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தை மட்டுமே திருப்பி அனுப்புகிறது. சாஃபோ 70 கிலோமீட்டரை ஒட்டியது, ஆனால் அதைவிட நான்கைந்து மடங்கு வெளுத்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து பார்த்தபோது இரண்டும் புள்ளிகள்தாம்.

இதுவரை எந்தெந்தத் தொலைநோக்கிகள் சிறுகோள்களை அளந்திருக்கின்றன?

முதலில் ஐராஸ். அமெரிக்காவும் நெதர்லாந்தும் பிரிட்டனும் சேர்ந்து 1983 ஜனவரியில் ஏவியது. பத்து மாதமே இயங்கினாலும், சுமார் 2,000 சிறுகோள்களின் அளவைத் தந்தது. ஒவ்வொரு டிசம்பரிலும் நாம் மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு பார்க்கும் ஜெமினிட் எரிகல் பொழிவுக்குத் தாயான ஃபேத்தன் என்ற கல்லைக் கண்டுபிடித்ததும் ஐராஸ்தான். 2006இல் ஜப்பான் ஏவிய அகாரி 5,000க்கும் மேற்பட்டவற்றை அளந்தது.

எல்லாவற்றையும் மிஞ்சியது வைஸ். 40 சென்டிமீட்டர் கண்ணாடி, அதாவது ஒரு நல்ல தாம்பாளத்தின் அளவு. 2009 டிசம்பரில் ஏவப்பட்டது. உறைந்த ஹைட்ரஜன் தீர்ந்ததும் நான்கு அலைநீளங்களில் இரண்டு போயின. 2011இல் அதை உறங்கவைத்தார்கள். 2013இல் எழுப்பி, நியோவைஸ் என்ற பெயரில் சிறுகோள்களுக்காகவே வேலைக்கு அமர்த்தினார்கள். 2024 ஆகஸ்ட் வரை உழைத்துவிட்டு, அதே ஆண்டு நவம்பர் தொடக்கத்தில் வளிமண்டலத்தில் எரிந்துபோனது. அதற்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுகோள்களைப் பார்த்திருந்தது.

2020 ஜூலையில் ஊரடங்கின் நடுவே, மேற்கில் மேகம் விலகிய ஒரு மாலையில் வெறும் கண்ணால் ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். நானும் பைனாகுலரோடு மாடியேறினேன். வடமேற்கில், அடிவானத்துக்குச் சற்று மேலே, சாய்ந்த வெளிறிய கீற்று ஒன்று தெரிந்தது. அந்த வால்நட்சத்திரத்தை மார்ச் 27 அன்று முதலில் கண்டது இந்தத் தொலைநோக்கிதான். அதனால்தான் அதற்கும் நியோவைஸ் என்றே பெயர்.

அளவு சரி. மேற்பரப்பு மணலா, பாறையா என்று வெப்பம் சொல்லுமா?

சொல்லும். சில நேரம் தவறாகவும் சொல்லும்.

கடற்கரை மணல் மதியம் காலைச் சுடுகிறது, பொழுது சாய்ந்ததும் ஆறிவிடுகிறது. கருங்கல் திண்ணையோ இரவு சாப்பாட்டுக்குப் பிறகும் கதகதப்பாக இருக்கிறது. சிறுகோள் சுழலும்போது அதன் பகல் பக்கம் இரவுக்குள் போனதும் எவ்வளவு வேகமாக ஆறுகிறது என்பதிலிருந்து, மேலே கிடப்பது தூளா, கல்லா என்று ஊகிக்கிறார்கள். இதை வெப்ப நிலைமம் என்கிறோம்.

பென்னு என்ற சிறுகோளை 2007இல் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி அளந்தது. விட்டம் சுமார் 490 மீட்டர் என்ற கணக்கு மிகச் சரியாக இருந்தது. வெப்ப நிலைமத்தை வைத்து, மேற்பரப்பில் பெரும்பாலும் சிறு பரல்கள் பரவியிருக்கும், விண்கலம் தொட்டு மண்ணெடுக்க வசதியாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். 2018 டிசம்பரில் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் போய்ச் சேர்ந்தபோது கண்ட காட்சியே வேறு. எங்கு பார்த்தாலும் பாறைகள், சில வீடளவுக்கும் மேலானவை, கால் வைக்க இடமில்லை. அளவீட்டில் பிழை ஏதும் இல்லை. அந்தப் பாறைகள் நுண்துளைகள் நிறைந்தவை, அதனால் மணலைப் போலவே சீக்கிரம் ஆறிவிடுகின்றன. கல் இப்படியும் இருக்கலாம் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. பொறுமையாக இடம் தேடி எடுத்த மண் 2023 செப்டம்பர் 24 அன்று பூமிக்கு வந்தது, 121.6 கிராம்.

பாறையும் மணலும் எப்படி ஆறுகின்றன என்பதில் இவ்வளவு அக்கறை வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். மாலை பக்கத்திலிருந்து வெளியேறும் அகச்சிவப்பு ஒளி சிறுகோளை மிக மெல்லத் தள்ளுகிறது. யார்க்கோவ்ஸ்கி விளைவு என்று இதற்குப் பெயர். இந்தத் தள்ளலால் பென்னுவின் பாதை ஆண்டுக்கு ஏறத்தாழ 284 மீட்டர் சூரியனை நோக்கி நகர்கிறது. நூறாண்டுக்குப் பிறகு அது பூமியை ஒட்டி எந்த வழியாகப் போகும் என்ற கணக்கு இந்தச் சூட்டைத் தெரிந்துகொள்ளாமல் முடியாது.

2024 ஒய்ஆர்4 பூமியில் மோதும் என்றார்களே, அது என்னவாயிற்று?

2024 டிசம்பர் 27 அன்று சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி இந்தச் சிறுகோளைக் கண்டது. 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதும் வாய்ப்பு, 2025 பிப்ரவரி 18 அன்று 3.1 சதவீதம் வரை ஏறியது. அந்த அளவுள்ள எந்தக் கல்லுக்கும் அதுவரை இவ்வளவு உயர்ந்த வாய்ப்பு கணக்கிடப்பட்டதில்லை. அடுத்த சில நாள்களில் கூடுதல் அளவீடுகள் வந்ததும் பூமிக்கு ஆபத்தில்லை என்று தெளிவானது.

ஆனால் அளவு? தரைத் தொலைநோக்கிகள் 40 மீட்டரிலிருந்து 90 மீட்டர் வரை என்றன. மேலே சொன்ன வெளுப்பு, கருப்புச் சிக்கல்தான். 40 மீட்டர் கல் விழுவதும் 90 மீட்டர் கல் விழுவதும் ஒரே மாதிரி நிகழ்வல்ல. 2025 மார்ச்சில் வெப் தொலைநோக்கி அதன் வெப்பத்தை நேரடியாக அளந்து, சுமார் 60 மீட்டர் என்று சொன்னது, ஒரு பதினைந்து மாடிக் கட்டடத்தின் உயரம். வெப்பம் பரவியிருந்த விதத்திலிருந்து இன்னொன்றும் தெரிந்தது. அது வேகமாகச் சுழல்கிறது, மேலே மெல்லிய மணல் இல்லை, முஷ்டி அளவோ அதைவிடப் பெரிதோ ஆன கற்கள் இருக்கக்கூடும். அந்தக் கல் நிலாவில் மோதும் வாய்ப்பு, 2025 நடுப்பகுதிக் கணக்குப்படி 4 சதவீதத்தை ஒட்டி இருந்தது.

சூரியன் இருக்கும் திசையிலிருந்து வரும் கற்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே சுமார் 20 மீட்டர் கல் ஒன்று வெடித்தது. கண்ணாடிச் சில்லுகள் பட்டும் வேறு வகையிலும் சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள். அது சூரியன் பக்கத்திலிருந்து வந்ததால் முன்கூட்டியே யாரும் பார்க்கவில்லை. இரவில் மட்டும் வேலை செய்யும் தரைத் தொலைநோக்கிகளுக்கு அந்தத் திசை எட்டாது.

இந்தக் குறையை ஈடுசெய்யத்தான் நாசா நியோ சர்வேயர் என்ற விண்வெளித் தொலைநோக்கியை உருவாக்குகிறது. 50 சென்டிமீட்டர் கண்ணாடியும் இரண்டு அகச்சிவப்பு அலைவரிசைகளும் கொண்டது. நியோவைஸை வழிநடத்திய ஏமி மைன்சர்தான் இதற்கும் தலைமை. பூமிக்கும் சூரியனுக்கும் இடையே, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று, சூரியனுக்கு அருகிலுள்ள வானத்தைத் துழாவும். 140 மீட்டருக்கு மேற்பட்ட, பூமிக்கு அருகில் வரும் கற்களில் 90 சதவீதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் 2005இலேயே பணித்திருந்தது. 2027 செப்டம்பருக்கு முன் ஏவப்படாது என்பது திட்டம். இவ்வளவு தாமதித்திருக்கக் கூடாது என்பது என் கருத்து.

சிறுகோள் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. புறக்கோள் கண்ணுக்கே தெரியாதே, அதன் காற்றை எப்படி அறிகிறார்கள்?

புறக்கோள் என்பது வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள். பெரும்பாலானவற்றை விண்மீனிலிருந்து தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. எனவே இரண்டும் சேர்ந்து தரும் ஒளியை அளந்து, அது எப்போது எவ்வளவு குறைகிறது என்று பார்க்கிறார்கள்.

கோள் விண்மீனின் முகத்தைக் கடக்கும்போது, கோளைச் சுற்றியுள்ள மெல்லிய காற்று வளையத்தின் ஊடாகக் கொஞ்சம் விண்மீன் ஒளி வருகிறது. எந்த வாயு எந்த அலைநீளத்தை விழுங்கும் என்பது ஆய்வகத்தில் அளந்து வைத்த சங்கதி. நீராவி, மீத்தேன், கரியமில வாயு ஆகியவற்றின் கையெழுத்துகளில் அழுத்தமானவை அகச்சிவப்பில்தான் இருக்கின்றன. அந்த அலைநீளத்தில் கோள் சற்றே பெரிதாகத் தெரிந்தால், அங்கே அந்த வாயு இருக்கிறது.

இதை வெப் எவ்வளவு தெளிவாகச் செய்கிறது என்பதற்கு வாஸ்ப்-39பி ஒரு நல்ல உதாரணம். 700 ஒளியாண்டுத் தொலைவு. எடையில் சனிக்கோளை ஒட்டியது, அகலத்தில் வியாழனைவிட 1.3 மடங்கு. சுமார் 900 டிகிரியில் வெந்து உப்பிக் கிடக்கும் வாயுக்கோள். நான்கு நாளில் தன் விண்மீனைச் சுற்றிவிடுகிறது. 2022 ஆகஸ்டில் அதன் நிறமாலை, அதாவது அலைநீளம் வாரியாக ஒளியை அளந்த வரைபடம், வெளியானபோது, 4.3 மைக்ரானில் கரியமில வாயு ஒரு குன்றுபோல் எழுந்து நின்றது. யாரும் கூர்ந்து தேட வேண்டியிருக்கவில்லை. பக்கத்திலேயே இன்னொரு சிறிய மேடு, முதலில் என்னவென்று புரியவில்லை. அது கந்தக டைஆக்சைடு என்று பின்னர் தெரிந்தது. விண்மீனின் ஒளி பட்டு அந்தக் காற்றில் நடக்கும் வேதிவினையால் உருவாவது. நம் பூமிக்கு மேலே ஓசோன் உண்டாவதும் ஒளியால் நடக்கும் வேதிவினைதான். சூரியக் குடும்பத்துக்கு வெளியே அப்படி ஒன்று நடப்பதை முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

கோளின் சொந்த வெப்பத்தையே அளக்க முடியாதா?

முடியும். கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும்போது, மொத்த ஒளியிலிருந்து கோளின் பங்கு கழிந்துபோகிறது. மறைவதற்கு முன்பும் மறைந்திருக்கும்போதும் அளந்து கழித்தால், மிச்சம் கோளின் வெப்பம். கடைக்காரர் முதலில் பாத்திரத்தோடு நிறுத்து, பிறகு வெறும் பாத்திரத்தை நிறுத்துக் கழிப்பதுபோல.

2005இல் ஸ்பிட்சர் இதை இரண்டு கோள்களில் செய்துகாட்டியது. புறக்கோளிலிருந்து வரும் ஒளியை மனிதர் முதன்முதலில் நேரடியாக அளந்த தருணம் அது. ஸ்பிட்சரை வடிவமைத்தபோது யாரும் இந்த வேலையை மனதில் வைத்திருக்கவில்லை என்பதுதான் அழகு. 2009இல் குளிர்விக்கும் ஹீலியம் தீர்ந்தும் இரண்டு அலைவரிசைகளை வைத்துக்கொண்டு 2020 ஜனவரி வரை வேலை வாங்கினார்கள். அதில் ஒரு சிறு தொந்தரவு இருந்தது. பேட்டரியைக் கதகதப்பாக வைக்கும் ஹீட்டர் விட்டுவிட்டு எரிவதால் தொலைநோக்கி மிக மெல்ல ஆடியது, அளவீடும் கூடவே ஆடியது. ஹீட்டர் எரியும் இடைவெளியை ஒரு மணி நேரத்திலிருந்து பாதியாகக் குறைத்ததும் ஆட்டம் அடங்கியது.

இப்போது 40 ஒளியாண்டு தொலைவிலுள்ள ட்ராப்பிஸ்ட்-1 விண்மீனுக்கு வருவோம். பூமியை ஒத்த அளவில் ஏழு கோள்கள் அதைச் சுற்றுகின்றன. 2017 பிப்ரவரியில் ஏழும் அறிவிக்கப்பட்டன. மிக உட்புறக் கோளான ட்ராப்பிஸ்ட்-1பி ஒன்றரை நாளில் ஒரு சுற்று முடிக்கிறது. அது விண்மீனுக்குப் பின்னால் மறைவதை வெப் 15 மைக்ரானில் அளந்தது. மொத்த ஒளியில் 0.1 சதவீதத்துக்கும் குறைவான சரிவு. அதிலிருந்து கிடைத்த பகல் பக்க வெப்பநிலை சுமார் 230 டிகிரி செல்சியஸ்.

இந்த எண் ஏன் முக்கியம்? கோளில் அடர்ந்த காற்று இருந்தால், அது பகல் பக்கச் சூட்டை இரவுப் பக்கத்துக்கு அள்ளிக்கொண்டு போகும், பகல் பக்கம் குளிரும். கரியமில வாயு இருந்தால் 15 மைக்ரான் ஒளியை அதுவே விழுங்கும். 230 டிகிரி என்பதோ காற்றே இல்லாத கருத்த வெறும் பாறைக்கு வர வேண்டிய சூடு. சில்வியாவுக்குப் போட்ட அதே கணக்கு, 40 ஒளியாண்டுக்கு அப்பால்! 2024 இறுதியில் வெளியான வேறொரு அலைநீள அளவீடு, புகைமூட்டம் கொண்ட காற்று இருக்கவும் இடமுண்டு என்று கதவைச் சற்றுத் திறந்து வைத்திருக்கிறது. அடுத்த கோளான ட்ராப்பிஸ்ட்-1சி சுமார் 110 டிகிரி. வெள்ளிக்கோளைப் போன்ற தடித்த கரியமில வாயுப் போர்வை அங்கே இல்லை.

சிறுகோள் ஆய்வுக்கும் புறக்கோள் ஆய்வுக்கும் நேரடித் தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் எதிர்பாராத விதத்தில்.

ட்ராப்பிஸ்ட்-1 கும்ப ராசியில், கோள்களும் சிறுகோள்களும் நடமாடும் பாதைக்கு அருகில் இருக்கிறது. அதை மணிக்கணக்கில் உற்றுப் பார்க்கும் வெப்பின் படங்களில், நம் சூரியக் குடும்பத்துக் கற்கள் குறுக்கே போய்க்கொண்டே இருக்கும். புறக்கோள் ஆய்வாளருக்கு அவை துடைத்தெறிய வேண்டிய தூசு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆர்டெம் பர்டனோவ், ஜூலியன் டி விட் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் அந்தத் தூசைத் துடைக்காமல் எடுத்துப் பார்த்தார்கள். டி விட் ட்ராப்பிஸ்ட்-1 கோள்களைக் கண்டுபிடித்த குழுவில் இருந்தவர்.

ஒரே படத்தில் தெரியாத அளவுக்கு மங்கலான கல்லை எப்படிப் பிடிப்பது? கல் நகர்கிறது. இந்தத் திசையில் இந்த வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்தையும் அந்த அளவு தள்ளி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஊகம் சரியாக இருந்தால் கல்லின் ஒளி ஒரே புள்ளியில் சேர்ந்து வெளிப்படும். தவறாக இருந்தால் கரைந்துபோகும். திசை தெரியாததால் எல்லாத் திசைகளையும் வேகங்களையும் முயன்று பார்க்க வேண்டும், கணினி ஓயாமல் ஓட வேண்டும். 10,000க்கும் மேற்பட்ட படங்களை இப்படி அடுக்கியபோது, 138 புதிய சிறுகோள்கள் கிடைத்தன. அவற்றுள் சில பத்து மீட்டர் அளவே, ஒரு பஸ்ஸின் நீளம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள பட்டையில் அவ்வளவு சிறிய கல்லை அதுவரை யாரும் பார்த்ததில்லை. 2024 டிசம்பரில் முடிவு வெளியானது.

அந்தக் கற்கள் மைனஸ் 70 டிகிரியை ஒட்டிய குளிரில் இருந்தாலும், 15 மைக்ரானில் நன்றாகவே ஒளிர்கின்றன. ட்ராப்பிஸ்ட்-1பியின் காற்றைத் தேடுவதற்காகத் தேர்ந்தெடுத்த அலைநீளம், கற்களைத் தேடவும் பொருந்திவிட்டது.

கே2-18பியில் உயிர் இருப்பது உறுதியாகிவிட்டதா?

இல்லை. செய்தித் தலைப்புகள் ஓடிய வேகத்தில் சான்றுகள் ஓடவில்லை.

இது 124 ஒளியாண்டு தொலைவில், பூமியைவிட 2.6 மடங்கு அகலமும் 8.6 மடங்கு எடையும் கொண்ட கோள். 2019இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் அளவீட்டை வைத்து நீராவி இருப்பதாக அறிவித்தார்கள். 2023இல் வெப் இன்னும் அகன்ற அலைநீள வரம்பில் பார்த்தபோது மீத்தேனும் கரியமில வாயுவும் தெளிவாகத் தெரிந்தன. நீராவி என்று நினைத்தது மீத்தேனாக இருக்கக்கூடும் என்றானது. குறுகிய சாளரத்தில் இரண்டின் கையெழுத்தும் ஒன்றுபோல் தெரியும்.

2025 ஏப்ரலில், கேம்பிரிட்ஜில் பணியாற்றும் இந்தியரான நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு, டைமெத்தில் சல்ஃபைடு அல்லது அதையொத்த மூலக்கூறின் அடையாளம் இருப்பதாக வெளியிட்டது. பூமியில் இது கடல் நுண்பாசிகளால் உருவாகிறது. குழுவினரே தங்கள் முடிவு மூன்று சிக்மா அளவு என்றார்கள். சிக்மா என்பது முடிவு தற்செயலானதல்ல என்ற உறுதியின் அளவு. கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து வேண்டும். அதே தரவை எடுத்து ஆராய்ந்த வேறு குழுக்கள், அந்த மூலக்கூறு இருப்பதாகச் சொல்ல வலுவான அடிப்படை இல்லை என்றன. மேலும், உயிர் இல்லாத 67பி வால்நட்சத்திரத்தில் இதே மூலக்கூறு காணப்பட்டதாக 2024இல் ஓர் ஆய்வு வந்திருந்தது. எனவே அது இருந்தாலும் உயிர் என்று பொருளில்லை. மீத்தேனும் கரியமில வாயுவும் அங்கே இருப்பது மட்டும் உறுதி. அவ்வளவு தொலைவிலுள்ள கோளின் காற்றில் இதைச் சொல்ல முடிந்ததே எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது.

அகச்சிவப்புப் படங்களில் வரும் நிறங்கள் உண்மையானவையா?

அலைநீள வரிசை உண்மை. நிறம் நாம் கொடுப்பது. நீண்ட அலைநீளத்துக்குச் சிவப்பு, குறுகியதற்கு நீலம் என்று மாற்றித் தருகிறார்கள். இசையைச் சுருதி மாற்றிப் பாடுவதுபோல.

பெரிய தொலைநோக்கி இல்லாதவர்கள் இதில் ஏதாவது செய்ய முடியுமா?

நிச்சயமாக. வெப்பின் தரவுகள் எடுத்த உடனேயோ, அதிகபட்சம் ஓராண்டுக்குள்ளோ பொதுவில் திறக்கப்படுகின்றன. நியோவைஸ் தரவும் இலவசம். பைத்தான் நிரல்மொழி தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர், மடிக்கணினியில் ட்ராப்பிஸ்ட்-1பி மறையும் சரிவைத் தாமே வரைந்து பார்க்கலாம்.

சிறிய தொலைநோக்கியும் கேமராவும் இருந்தால் நாசாவின் எக்ஸோபிளானட் வாட்ச் திட்டத்தில் சேரலாம். ஒரு கோள் எப்போது கடக்கும் என்ற கணக்கில் ஆண்டுக்கு ஆண்டு பிழை சேர்ந்துகொண்டே போகும். அதைப் புதுப்பிக்காவிட்டால், வெப் போன்ற பெரிய தொலைநோக்கிகள் கோள் கடந்துபோன பிறகு வெறும் விண்மீனைப் பார்த்துக்கொண்டு நேரத்தை வீணாக்க நேரிடும். நரி விண்மீன்குழுவில் உள்ள எச்டி 189733 என்ற விண்மீன் நல்ல தொடக்கம். அதன் கோள் கடக்கும்போது ஒளி 2 சதவீதத்துக்குமேல் குறைகிறது. ஊரின் விளக்கு வெளிச்சம் ஓரளவு இருந்தாலும் அந்தச் சரிவு பதிவாகும். கடப்பு தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கேமராவை ஓடவிட்டு, முடிந்து ஒரு மணி நேரம் வரை நிறுத்தாமல் எடுங்கள். சரிவுக்கு இரு பக்கமும் சமதளம் இருந்தால்தான் அளவு சரியாக வரும்.